படத்தில் இல்லாத காற்றாலை

வெனிஸ் படைமன்றத்தில் நீதிபதி அந்த அச்சுப்படத்தை மேசைமேல் விரித்தார். துருக்கியர் முற்றுகையிட்ட கண்டியா துறைமுகக் கோட்டை. மதில், பீரங்கி, புகை, எதற்கும் குறைவில்லை. படத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கிய இசெப்போ சாட்சியாக நின்றான்.

"காவலை விட்டு ஓடலைங்கிறே. எங்கே நின்னே?" என்று விலங்கோடு நின்ற சிப்பாயிடம் கேட்டார் நீதிபதி.

"கடல் மதில்ல, காற்றாலைப் பக்கம் ஐயா," என்றான் அந்தச் சிப்பாய், பொர்த்தோலோ. "குண்டு பட்டு விழுந்தேன். கண்ணு முழிச்சப்போ கப்பல்ல கிடந்தேன்."

"படத்துல காற்றாலையே இல்லையேப்பா."

"அதோட நிழல்லதான் ஐயா தினமும் ரொட்டி தின்னேன். படத்துல இல்லைன்னா நான் என்ன செய்வேன்?"

நீதிபதி இசெப்போவிடம் திரும்பினார். "ஏதாவது விட்டுப்போச்சா?"

இசெப்போ படத்தைக் குனிந்து பார்த்தான். அதே படம் நீதிபதி வீட்டுக் கூடத்திலும் தொங்குகிறது; அவன் விற்றதுதான்.

"ஒரு கல்லுகூட விடலைங்க."

"நீ எந்த மதில்ல நின்னுய்யா வரைஞ்சே?" என்று பொர்த்தோலோ மெல்லக் கேட்டான். சிப்பாய்க்கு விடிந்ததும் தூக்கு என்று தீர்ப்பு வந்தது.

வீட்டில் இசெப்போவின் மனைவி சனெத்தா கவலைப்பட்டாள். "நாளைக்குத் தூக்கு பார்க்கக் கூட்டம் அள்ளும். விக்கப் படம் வேணுமே, செதுக்க நேரம் ஏது?"

"எதுக்குச் செதுக்கணும்? அப்பா காலத்துல தூக்குக் காட்சி செதுக்கின தகடு ஒண்ணு கிடக்கு. அடியில பேரைச் சுரண்டி மாத்தினாப் போதும்."

"கண்டியாவுக்குப் பண்ணின மாதிரியா?"

"ஆமா."

"அந்தக் கோட்டை நிஜத்துல எந்த ஊரு?"

இசெப்போ சுரண்டுளியைத் தேடிக்கொண்டே சொன்னான்: "யாருக்குத் தெரியும்? அப்பாவும் பழைய பேரைச் சுரண்டித்தான் வச்சிருந்தாரு."