முதல் வாய்

"ஒரு வாய் சாப்ட்டுக் காட்டணும்மா. அப்பதான் உள்ள போவும்."

சொல்லிவிட்டு வார்டர் தணிகாசலம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நாற்பது. ஆறு மணிக்குள் கைதிகளை அறைகளில் அடைத்து எண்ணியாக வேண்டும்.

கிளைச் சிறையின் வாசலில் நின்ற பெண் எவர்சில்வர் தூக்கைத் திறந்து காட்டினாள். கறிக் கஞ்சி. ஆவி அடங்கியிருந்தது.

"நோம்பு வெச்சிருக்கேன் சார். பாங்கு சொல்ற வரைக்கும் தண்ணிகூடத் தொட மாட்டேன்."

விதி வாசல் கதவிலேயே எழுதி ஒட்டப்பட்டிருந்தது. வெளியிலிருந்து உணவு கொண்டுவருபவர் வார்டர் முன்னால் முதல் வாய் உண்ண வேண்டும். உண்டார் என்று வார்டர் கையெழுத்திட வேண்டும். எங்கோ ஒரு சிறையில், வீட்டிலிருந்து வந்த சோற்றில் விஷம் இருந்து ஒரு கைதி செத்த பிறகு வந்த விதி. அங்கே சாப்பாட்டை உள்ளே விட்ட வார்டர் இன்னும் கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்தார்.

பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தார். பெயர் கமர் நிஷா. ஊர் பழவேற்காடு. யாருக்கு என்ற இடத்தில் ராபின். உறவு என்ற இடத்தில் தெரிந்தவர்.

ராபின் தூத்துக்குடிப் பக்கத்து லாரி டிரைவர். பதினாறு நாளில் அவனைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. ஜாமீன் போடவும் ஆளில்லை. அவனுக்கென்று இந்த வாசலுக்கு வந்த முதல் பொருள் இந்தத் தூக்குதான்.

"நீங்களே ஒரு வாய் பாத்துடுங்கண்ணே" என்றான் பக்கத்தில் நின்ற இம்மானுவேல். அவனும் வார்டர்தான்.

"இன்னிக்கு கிருத்திகைடா. காலைலேர்ந்து வெறும் வயிறு. கறி வாய்ல படக் கூடாது. நீ குடி."

"எனக்கு லெந்து நாளுண்ணே. ஈஸ்டர் வரைக்கும் கறிக்கு லீவு."

"நல்லா கீதுடா."

"மூணு சாமியும் பேசி வெச்சிக்கினு இன்னிக்குனு பாத்து நம்மளப் பட்னி போட்டுக்குது."

தணிகாசலம் சிரித்துவிட்டார். அந்தப் பெண்ணும் லேசாகச் சிரித்தாள்.

"திருப்பி எடுத்துக்கினு போவ முடியாது சார்" என்றாள். "அவருக்குன்னு காச்சினது."

ஐந்து நாற்பத்தைந்து. இம்மானுவேல் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

தணிகாசலம் உண்டார் என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணிக்கொண்டது.

தூக்கை வாங்கிக்கொண்டு பாதி தூரம் நடந்தவர் நின்றார். எப்படித் தெரிந்தவர் என்று கேட்டிருக்க வேண்டும்.

திரும்பி வாசலுக்கு வந்தார். அவள் இல்லை. தெருக்கோடியில் ஒரு பஸ் வளைந்து போனது.

தூக்கை வாங்கிப்போகக்கூட நிற்கவில்லை.

மறுபடி உள்ளே நடந்தார். தூக்கை இடக்கைக்கு மாற்றினார். பிறகு வலக்கைக்கு.

அறைகள் எல்லாம் பூட்டியாகிவிட்டன. முதல் அறையில் இம்மானுவேல் எண்ணத் தொடங்கியிருந்தான்.

கடைசி அறையில் ராபின் மட்டும் இருந்தான். கூட இருந்த இருவருக்கும் முந்தின நாள் ஜாமீன் கிடைத்திருந்தது. கம்பிக் கதவுக்கு அடியில் இருந்த இடைவெளியில் அலுமினியத் தட்டைத் தள்ளினான். தணிகாசலம் கஞ்சியை அதில் ஊற்றினார். ராபின் தட்டை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"யாரு சார் குடுத்தது?"

"கமர் நிஷான்னு ஒரு அம்மா. பழவேற்காடு. உனக்கு எப்டிடா பழக்கம்?"

ராபின் தட்டைக் கையில் எடுத்தான். அதையே பார்த்தபடி இருந்தான்.

"உன்னத்தான்டா கேக்கிறேன்."

"புதுவாயல் கூட்டுரோட்டுல என் வண்டி ஏறி ஒருத்தன் செத்தாம்லா சார்."

"ஆமா."

"அவன் அம்மா. கேஸ் பேப்பர்ல பேரு இருக்கு."

தணிகாசலம் கம்பிக்குள் கையை விட்டார்.

"தட்டைக் குடு."

ராபின் தட்டோடு பின்னால் நகர்ந்து சுவரோரம் உட்கார்ந்தான். கை எட்டவில்லை.

"டேய், அந்தம்மா ஒரு வாய்கூட சாப்ட்டுக் காட்டலடா. நோம்புன்னாங்க. நான்தான் வுட்டுட்டேன். இன்னா சொல்றேன்னு புரியுதா?"

"புரியுது சார்."

"அப்ப கீழ வெய்."

ராபின் தட்டை மடியில் வைத்துக்கொண்டான்.

"இம்மானுவேல்! சாவி எடுத்துக்கினு வாடா!"

"எண்ணிக்கினு கீறேண்ணே! நடுவுல வுட்டா மறுபடி மொதல்லேர்ந்து எண்ணணும்!"

தணிகாசலம் கதவைப் பிடித்து உலுக்கினார். பூட்டு கம்பியில் மோதிச் சத்தம் போட்டது. ராபின் நிமிர்ந்து பார்க்கவில்லை. விரல்களைக் குவித்து ஒரு வாய் அள்ளினான். அள்ளியதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சாப்பிட்டான்.

பதினெட்டு, பத்தொன்பது என்று இம்மானுவேலின் குரல் ஒவ்வொரு அறையாக வந்துகொண்டிருந்தது.

ராபின் இரண்டாவது வாயையும் சாப்பிட்டான். மூன்றாவதை எடுத்துக்கொண்டே சொன்னான்.

"உப்பே இல்ல சார்."

நோன்பு வைத்தவர்களில் பலர் சமைக்கும்போது நாக்கில் வைத்து உப்புப் பார்க்க மாட்டார்கள். தணிகாசலத்துக்கு அது தெரியும்.

இருந்தும் சாவி கேட்டுக் கத்துவதை அவர் நிறுத்தவில்லை.