கொம்பு விழுந்த பேனை

"இதுக்காக மானைச் சுட்டவங்களோ?" ஜேர்மனியின் ஹம் நகரக் கோயில் தலைவர் தயாபரன் பேனையைத் தொடாமலே கேட்டார்.

"இல்லை அண்ணை. மான்கொம்பு வருசா வருசம் தானா விழும். காட்டதிகாரியிட்டைக் கேட்டுத்தான் பொறுக்கினனான்," என்றாள் நிருஷா. கொம்பைக் கடைந்து அந்த ஒரு பேனையைச் செய்ய அவளுக்கு மூன்று கிழமை பிடித்திருந்தது.

"அப்ப கோயிலுக்குச் சும்மா தா. 'பெருங்கொடையர் தயாபரன்' எண்டு வெட்டிவிடு."

"செய்தது நானெல்லோ. என்ரை பேர்?"

"கோயில் காரியத்துக்குப் பேர் எதுக்குப் பிள்ளை?"

2006 தேர்த் திருவிழா மேடையில் செயலாளர் பேனையைத் தூக்கிப் பிடித்து, அதிலிருந்ததை அப்படியே ஒலிவாங்கியில் வாசித்தார்.

"பெருங்காடையர் தயாபரன்!"

தலைவரே காடையரா, ரவுடியா என்று மண்டபம் சிரித்து ஓயவில்லை. தயாபரன் நிருஷாவிடம் பாய்ந்தார்.

"'கொ'வின்ரை கொம்பு எங்கையடி?"

"தானா விழுந்திட்டுது அண்ணை."