ஷெட் டு ஷெட்

“இந்த நானூறு எதுக்குண்ணே?” டிரிப் ஷீட்டை டிரைவரின் தோளுக்கு மேலாக நீட்டிக் கேட்டான் இக்பால்.

“அது என் பேட்டா சார்.”

“இந்த எழுபது?”

“ஏர்போர்ட்டு பார்க்கிங்.”

திருச்சி விமான நிலையத்தை விட்டுக் கிளம்பிய வண்டி இன்னும் மாத்தூரைக்கூடத் தாண்டவில்லை. பிளைட் ஒரு மணி நேரம் தாமதமானதற்கு வெயிட்டிங் சார்ஜ், மேலே கட்டிய பெட்டிக்குக் கேரியர் சார்ஜ், டோல்கேட் தனி, ஏசி தனி. மூச்சு விடுவதற்குத்தான் இன்னும் ரேட் போடவில்லை.

“கிலோமீட்டருக்குப் பதினாலு ரூவான்னுதானே வாட்ஸப்புல போட்டிருந்தீங்க?”

“கீழயே மத்ததெல்லாம் தனின்னும் போட்டிருந்துச்சு சார். நீங்கதான் படிக்கல.” டிரைவர் முனியசாமிக்குக் குரல் ஏறவே இல்லை. “எறங்குற எடத்துல வச்சு பில்ல நீட்டுறது எங்க ஓனருக்கு ஆகாது. ஏறுனதுமே ஷீட்டக் குடுத்துரணும். மறைச்சா அவங்களுக்குப் புடிக்காது.”

“ஓனர் நம்பரக் குடுங்க. நான் பேசிக்கிறேன்.”

“நேர்லதான் பேசுவாங்க சார்.”

தொந்தியும் தங்கச் சங்கிலியுமாக ஓர் ஆளைக் கற்பனை செய்துகொண்டு இக்பால் பல்லைக் கடித்தான். அடுத்த வரியில் விரல் நின்றது.

“எங்க வீடு ஆலங்குடி. இங்கேர்ந்து எழுபது கிலோமீட்டர். நூத்தி நாப்பதுன்னு போட்டிருக்கு?”

“ஷெட் டு ஷெட் சார். வண்டி ஷெட்டுலேர்ந்து கெளம்பி, ஒங்கள எறக்கிவிட்டு, திரும்ப ஷெட்டுல போயி நிக்கிற வரைக்கும் கணக்கு. எல்லா டிராவல்ஸுலயும் அப்புடித்தான்.”

“காலி வண்டிக்கும் நான் குடுக்கணுமா?”

“காலியா வந்தாலும் டீசல்லதானே சார் ஓடுது?”

இக்பால் ஷீட்டை மறுபடி பார்த்தான். ஷெட்டிலிருந்து ஏர்போர்ட், எழுபது. ஏர்போர்ட்டிலிருந்து வீடு, எழுபது. வீட்டிலிருந்து ஷெட்டுக்கு, பூஜ்யம்.

திரும்பிப் போகிற தூரத்தைப் போட மறந்துவிட்டார்கள்! இத்தனை சார்ஜ் போடத் தெரிந்த ஓனர் இதில் கோட்டைவிட்டதில் அவனுக்குப் பரம சந்தோஷம். ஷீட்டை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அதைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை.

இக்பால் கஞ்சன் இல்லை. பதினோரு வருஷம் குவைத்தில் ஒரு கம்பெனிக்கு வண்டி ஓட்டியவன். போன மாதம் கம்பெனியை மூடி, கையில் டிக்கெட்டைத் திணித்து அனுப்பிவிட்டார்கள். ரூம் நண்பன் ஹாமித் கொடுத்த நம்பருக்கு வீட்டு லொகேஷனை அனுப்பி இந்த வண்டியைப் பிடித்தானே தவிர, ஊருக்கு வருவதையே மனைவி ரமீஜாவிடம் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

பாவம், ஒரு வருஷமாக அவளும், “கொஞ்சமா அனுப்புனாப் போதுங்க, நான் சமாளிச்சுக்கிறேன்” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அரை வயிறு சாப்பிட்டுத்தான் சமாளிக்கிறாளோ என்னவோ.

கீரனூர் தாண்டியதும், “ஒங்க ஓனருக்கு நல்ல வருமானம் போல” என்றான்.

“பொழைக்கத் தெரிஞ்சவங்க சார். ரெண்டாவது வண்டியும் எடுத்துட்டாங்க. டிரைவருதான் அமையல. பதினஞ்சு நாளா அது சும்மாவே நிக்குது.”

இக்பால் நிமிர்ந்து உட்கார்ந்தான். “சம்பளம் எப்புடி?”

“மாசச் சம்பளம் தனி. ட்ரிப்புக்கு நானூறு பேட்டா தனி.”

நானூறு ரூபாய் பேட்டா இப்போது அப்படியொன்றும் அநியாயமாகத் தெரியவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் குறைவோ என்றுகூடப் பட்டது.

புதுக்கோட்டையில் டீ குடிக்க நிறுத்தினார்கள். இரண்டு டீக்கும் இக்பாலே காசு கொடுத்தான்.

“அண்ணே, ஓனர்கிட்ட நான் அவசியம் பேசணும்.”

“சண்டைக்கா சார்?”

“வேலைக்கு.” சொல்லிவிட்டுக் கண்ணாடி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். “குவைத்து வேலை போயிருச்சுண்ணே. எங்க வீட்டுல இன்னும் தெரியாது. நீங்களும் சொல்லிராதீங்க.”

முனியசாமி அவனை ஒரு நிமிடம் பார்த்தார். “நான் எதுக்கு சார் சொல்லப் போறேன்? ஆனா மறைச்சா ஓனருக்குப் புடிக்காது. நீங்களே சொல்லிருங்க.”

‘ஓனருக்குப் பிடித்தால் என்ன, பிடிக்காவிட்டால் என்ன, ரமீஜாவிடம் அல்லவா சொல்ல வேண்டும்’ என்று நினைத்துக்கொண்டான் இக்பால். ஆலங்குடி வரும்வரை அதற்கான வார்த்தையைத் தேடினான். அகப்படவில்லை.

வண்டி அவன் தெருவுக்குள் நுழைந்தது. வீட்டு கேட் விரியத் திறந்திருந்தது. பக்கத்துக் காலியிடத்தில் அவன் பார்த்திராத புதுத் தகரக் கொட்டகை, அதற்குள் கழுவித் துடைத்த ஒரு வெள்ளைக் கார். யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள், இந்த நேரத்திலா என்று அவனுக்குச் சங்கடமாக இருந்தது.

முனியசாமி கேட்டுக்குள்ளேயே வண்டியை விட்டு, ஹாரனை ஒருமுறை அடித்தார்.

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ரமீஜா வெளியே வந்தாள். அவனைக் கண்டதும் கத்துவாள், அழுவாள், ஓடி வருவாள் என்று இக்பால் காத்திருந்தான். அவளோ நேராக டிரைவர் பக்கம் போய், குனிந்து மீட்டரைப் பார்த்து, கையிலிருந்த நோட்டில் கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டாள்.

பிறகு சுற்றி வந்து அவன் பக்கத்துக் கதவைத் திறந்தாள். கண் கலங்கியிருந்தது, உதட்டில் சிரிப்பு அடங்கவில்லை.

“எறங்குங்க சார், ஷெட்டு வந்துருச்சு.”