வியட்நாமை முந்துவது எப்படி?

‘சளக்... சளக்...’

இருட்டியதும் வீட்டுக்குப் பின்பக்கம் அந்தச் சத்தம். ஈர ரப்பரை யாரோ தரையில் தேய்த்துக்கொண்டு நடப்பது போல.

வீட்டில் நானும் கைக்குழந்தை பாரியும்தான். வீட்டுக்காரருக்கு நைட் ஷிஃப்ட். கான்வென்ட்டில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்த ஜெபம்கூடப் பயத்தில் பாதிதான் வாயில் வந்தது.

பக்கத்துப் போர்ஷன் கோவிந்தம்மாவைக் கூப்பிட்டேன். விளக்குமாற்றோடு வந்தார்.

நாலு குடித்தனத்துக்கும் பொதுவான கக்கூஸ் பின்னால் இருக்கிறது. அதன் பூட்டை ஓர் உருவம் ஆட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைத் தொப்பி, ஏப்ரன், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ்.

“எவடி அவ? எங்க கக்கூஸாண்ட இன்னா பண்ணிகினு கீற?”

உருவம் திரும்பியது. சின்னப் பெண். இறால் வாடை குப்பென்று அடித்தது.

“கத்தாதீங்கக்கா! பின்னாடி இறால் எக்ஸ்போர்ட் கம்பெனில வேலை செய்றேன். பேரு சங்கமித்ரா.”

“அதுக்கு, செவுரு ஏறிக் குதிப்பியா? கம்பெனில கக்கூஸ் இல்லியா?”

“கீதுக்கா. உள்பக்கம் தாழ்ப்பா இல்ல.”

“எப்படி இல்லாம இருக்கும்?” என்றேன். “ஏற்றுமதியைத் தூக்கி நிறுத்தணும்னு பெண்களுக்கும் நைட் ஷிஃப்ட் கொடுத்தாங்களே, அப்பவே கழிப்பறை, வேன், காவல் எல்லாம் கட்டாயம்னு அரசாங்கம் சொல்லியிருக்கே!”

“ஆபீசருங்க பார்க்க வந்தன்னிக்கு இருந்துச்சுக்கா. போட்டோலாம் எடுத்தாங்க. அவங்க கார் கெளம்புனதும் ஸ்க்ரூவைக் கழட்டிட்டாங்க. தாழ்ப்பா இருந்தா உள்ள குந்திகினு போன் நோண்டுறோமாம். அதுக்குள்ள வியட்நாம்காரன் ஒரு கண்டெய்னர் இறாலைக் கப்பல்ல ஏத்திடுவானாம்.”

“ஆம்பளைங்க கக்கூஸ்ல?”

“அதுல கீதுக்கா.”

கோவிந்தம்மா காறித் துப்பினார். “பொம்பள மூத்திரத்த அடக்கித்தான் நாட்டத் தூக்கி நிறுத்தப் போறானுங்களாமா, கசுமாலங்க!”

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. சட்டம் போட்ட அத்தனை நிபந்தனையில், ‘இரவு’ என்ற ஒரு சொல் மட்டும்தானா இவர்கள் கண்ணில் பட்டது?

“நீ பயப்படாதேம்மா. என் வீட்டுக்காரர் அங்கேதான் சூப்பர்வைசர். கழட்டினது யாருன்னு மட்டும் சொல்லு. நாளைக்கே அந்த ஆள் சீட்டைக் கிழிச்சிடலாம்.”

“அவர் பேரு இன்னாக்கா?”

“ஜெகதீசன்.”

அவள் பூட்டை விட்டுவிட்டாள்.

“வேணாங்க்கா, நான் போறேன். நான் வந்தத அவராண்ட சொல்லிடாதீங்க. வேலை பூடும்.”

கோவிந்தம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

‘நாம அசந்தா வியட்நாம்காரன் முந்திடுவான், சௌமியா’ என்று இட்லி சாப்பிட்டுக்கொண்டே என் வீட்டுக்காரர் சொல்வார். பெருமையில் நான் இன்னும் ஒன்று வைப்பேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் டார்ச் வெளிச்சம் அலைந்தது.

“ஏய் சங்கமித்ரா! எங்கடி போய்த் தொலைஞ்சே? லைன் நிக்குது!”

அவர் குரல்தான். வீட்டில் இப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை.

ஓடப் பார்த்தவளைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். பூட்டைத் திறந்து உள்ளே அனுப்பினேன்.

“அவ இங்கேதான் இருக்கா!” என்று சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். “நிதானமாத்தான் வருவா. அவ வேலை போச்சுன்னா, போட்டோ எடுத்த ஆபீசருங்களுக்கு நானே போன் போடுவேன்.”

“சௌமியா... நீயா?”

டார்ச் அணைந்தது.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.