கோணல் வரிசை

ஊசி மறுபடியும் அவர் விரலில் ஏறியது.

“ரத்தம் துணியில படாமப் பாருங்க,” என்றாள் கட்டிலில் சாய்ந்திருந்த அவர் மனைவி துளசிமணி. விரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவர் விரலை வாயில் வைத்துக்கொண்டார். ஆயுசெல்லாம் போர்வெல் வண்டியில் வேலை பார்த்த கை. இரும்புக் குழாயைத் தூக்கச் சொன்னால் தூக்கும். ஊசியில் நூல் கோர்க்கச் சொன்னால் நடுங்கும்.

அவள்தான் தையல்காரி. ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்ற ஆரம்பித்ததிலிருந்து விரல் நுனிகள் மரத்துவிட்டன. ஊசியைப் பிடித்தால், பிடித்திருப்பதே தெரியவில்லை.

மகள் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கென்று அவள் தொடங்கிய ஒட்டுத்துணிப் போர்வை பாதியில் நின்றுபோனது. அவள் தைத்தவரைக்கும் வரிசைகள் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடின.

மீதிக்கு அவர் வந்து வாய்த்தார்.

மேலே பனியன் கம்பெனி வெட்டுத்துண்டுகள். நடுவில் மெல்லிய பஞ்சு. அடியில் அவளுடைய பழைய நூல் சேலை. மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல் போட வேண்டும், அவ்வளவுதான் என்றாள்.

முடிச்சு வெளியே தெரியக் கூடாதாம். வெடுக்கென்று ஒரு இழுப்பு. முடிச்சு மேல்துணியைத் தாண்டிப் பஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும்.

அவர் இழுத்தால் முடிச்சு, நூல் எல்லாமே வெளியே வந்துவிடும்.

“பிரிங்க.”

ஒரு தையல் நெல் அளவு. அடுத்தது அவரைக்காய் அளவு.

“இதென்னங்க, கோழி நடந்த மாதிரி. பிரிங்க.”

பிரித்தார். தைத்தார். பிரித்தார்.

ஒருநாள் காப்பி போட எழுந்தார். போர்வையும் கூடவே எழுந்தது. வேட்டியோடு சேர்த்துத் தைத்து வைத்திருந்தார்.

அவள் சிரித்த சிரிப்பில் இருமல் வந்தது. இருமிக்கொண்டே சிரித்தாள். வேட்டி போனால் போகிறது என்றிருந்தது அவருக்கு.

போன வாரம் டாக்டர், இனி மருந்து ஏற்ற வேண்டாம் என்றார். வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல மனிதர். இருவர் முகத்தையும் பார்த்தே சொன்னார்.

திரும்பி வந்து வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கும்போது அவள் சொன்னாள்.

“அந்தப் போர்வைய முடிச்சுட்டாப் போதுங்க. வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு.”

அதற்குப் பிறகு அவள் பிரிக்கச் சொல்லவே இல்லை.

வரிசை கோணலாகப் போனது. “நல்லாருக்குதுங்க. மேல போங்க.”

முடிச்சு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. “பரவால்லீங்க.”

ஜாக்கெட்டில் ஒரு தையல் விலகினாலே முகம் சுளிக்கிறவள் அவள். அவளிடம் நல்ல பேர் வாங்க வேண்டுமென்று அவர் எவ்வளவோ பாடுபட்டிருந்தார். இப்போது கிடைக்கிறது. கிடைக்கக் கிடைக்கப் பயமாக இருந்தது.

இன்று ஒரே ஒரு வரிசைதான் மிச்சம். அது முடிந்தால் அவளுக்கு வேறொன்றும் வேண்டாம்.

மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டு அவள் கண் அயர்ந்தாள். அவர் ஊசியை எடுத்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு பிளேடை எடுத்தார்.

அவள் விழித்தபோது நேற்றைய வரிசை இல்லை. முந்தாநாள் வரிசையும் பாதி இல்லை. வெட்டிய நூல் அவர் மடியெல்லாம் கிடந்தது.

“என்னங்க பண்றீங்க?”

“கோணலா இருந்துச்சு.”

அவள் அவரையே பார்த்தாள். அவர் தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் கண் காட்டிக்கொடுத்துவிடும்.

வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள்.

துளசிமணி மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தாள். போர்வையைத் தன் பக்கம் இழுத்தாள். மரத்த விரலால் வரிசை வரிசையாகத் தடவிக்கொண்டே போனாள். அவர் தைத்ததையெல்லாம் தாண்டி விரல் ஓர் இடத்தில் நின்றது.

கை நன்றாக இருந்த காலத்தில் அவளே நூல் பிடித்தாற்போல் போட்ட முதல் வரிசை.

“இதுவும் கோணல்தானுங்க,” என்றாள். “மெதுவாப் பிரிங்க.”