பால்வெள்ளைக் கற்கள்

தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம். விருதுநகர் கல் கண்காட்சியில், பட்டை தீட்டாத இரண்டு பால்வெள்ளைக் கற்களைக் கறுப்புத் துணிக்குள் உரசிக் காட்டினார் கடைக்காரர். கல்லுக்குள் நிலவு கசிந்தது போல ஓர் ஒளி மிதந்தது. குனிந்து பார்த்த கோட்டைச்சாமி சொக்கிப்போனார்.

“சத்தம், புகை ஏதும் வருமா?”

“வராது.”

“சூடு?”

“தொட்டுப் பாருங்க, குளுகுளுன்னு இருக்கும்.” கடைக்காரர் சிரித்தார். “சிவகாசிக் கம்பெனியா? புதுப் பட்டாசுக்கு வழி பாக்கீகளாக்கும்!”

“இல்லங்க, வீட்டுக்குத்தான். பட்டாசு ஆலை விபத்துல பிழைச்சு வந்ததுலேருந்து எம் பொஞ்சாதி, தீக்குச்சி உரசினாலே முகத்தைப் பொத்திக்கிடுதா. முன்னெல்லாம் மத்தாப்புன்னா அவளுக்கு உசுரு.”

கற்கள் இரண்டையும் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

“இந்தத் தீபாவளிக்கு அவ கையிலயும் ஒரு மத்தாப்பு இருக்கட்டும்.”