ரெண்டு பேர் ஆடும் லேப்டாப்

"கட்டிக்கப் போறவரும் நானும் சேந்து ஆடணும். லினக்ஸ்ல கேம் ஓடற மாதிரி ஒரு லேப்டாப் காட்டுங்க" என்றாள் வந்தவள்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பி நின்ற நிலவன் அப்படியே நின்றுவிட்டான். திருவொற்றியூர் தேரடிப் பக்கம் அவன் வேலை பார்க்கும் கடைக்கு வந்து, லினக்ஸ் வேண்டும் என்று வாய் திறந்து கேட்ட முதல் ஆள் இவள்தான். அதுவும் இன்றைக்குப் பார்த்தா வர வேண்டும்?

காத்திவாக்கத்தில் அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள். அவன் போட்டோவும் கடை விலாசமும் முன்னமே அங்கே போயாகிவிட்டது. அம்மா வரலட்சுமி சொந்தக்காரர்களோடு முன்னாடியே போய் உட்கார்ந்துவிட்டாள். இவன் கடையிலிருந்து நேராகப் போய்ச் சேர வேண்டும். பெண்ணின் போட்டோவை நீட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்ட ஆள் இவன். படத்தைப் பார்த்து லேப்டாப்பே வாங்காதீங்க என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் பெண்ணை மட்டும் படத்தில் பார்ப்பானா என்ன?

ஏற்கெனவே ஒரு இடம் தட்டிப் போயிருந்தது. வேலை விட்டு வந்தால் பையன் கேம் ஆடுகிறானாம், உருப்பட மாட்டான் என்று சொல்லிவிட்டார்கள். இந்த முறையாவது அந்தப் பேச்சை எடுக்காதே என்று அம்மா சத்தியம் கேட்டாள். அவன் செய்து கொடுக்கவில்லை. இந்த இடமும் போச்சென்றால் இனிமேல் உனக்குப் பெண் தேட மாட்டேன் என்று அவளும் கறாராகச் சொல்லிவிட்டாள்.

முதலாளி சுப்பராயன் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். கீபோர்டில் கலர் கலராக விளக்கெரியும் பெரிய லேப்டாப் ஒன்றை அவள் முன்னால் வைத்தார். உள்ளே தனி கிராபிக்ஸ் கார்டு, எந்த கேமும் பறக்கும், லினக்ஸெல்லாம் எதுக்கும்மா, மாப்பிள்ளைக்கு விண்டோஸே போதும் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

"மெஷின் எனக்கு சார். அவரு கூட ஆடுவாரு, அவ்ளோதான்" என்றாள் அவள்.

யானைக்கவுனி வரைக்கும் போய்க் கடை கடையாக ஏறி இறங்கினாளாம். போன இடத்திலெல்லாம் ரோஸ் கலரில் ஒன்றை எடுத்து வைத்து, லேடீஸுக்கு இதுதான் என்றார்களாம். சொல்லும்போதே அவளுக்குச் சுறுசுறுவென்று கோபம் ஏறியது.

நிலவன் பையைக் கீழே வைத்தான். என்னென்ன கேம் ஆடுவீங்க என்று கேட்டான். கார் ரேஸ், பழைய சண்டை கேம் நாலைந்து, அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்றாள்.

"அப்ப இது உங்களுக்கு வேணாங்க" என்று பெரிய லேப்டாப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, சின்னதாக ஒன்றை எடுத்து வைத்தான். "ப்ராசஸரோடவே வர்ற கிராபிக்ஸ் போதும். லினக்ஸ்ல போட்டதும் அதுவே எடுத்துக்கும், டிரைவர் தேடி அலைய வேணாம். ராம் மட்டும் ஒண்ணா போடாம ரெண்டா போட்டுக்குங்க, அப்பதான் திக்காம ஓடும்."

சுப்பராயனுக்கு முகம் கறுத்துப் போனது. அவனை உள்ளே கூப்பிட்டு, பெரிய மெஷினைத் தள்ளிவிடு, இல்லாவிட்டால் நாளையிலிருந்து இந்தப் பக்கமே வராதே என்று பல்லைக் கடித்தார்.

"வராதன்னா வரல சார். பொய் சொல்லி விக்க மாட்டேன்" என்று வெளியே நிற்கிறவள் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு வந்தான் அவன்.

அவள் கைப்பையைத் துழாவி ஒரு பென் டிரைவை எடுத்தாள். லினக்ஸும் கேமும் அதிலேயே இருக்கிறது, வாங்குவதற்கு முன்னால் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றாள். கண்டதையெல்லாம் சொருகாதே என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நிலவன் சொருகினான்.

அதற்குள் அம்மாவின் போன். "டேய், இன்னாடா பண்ணிகினு கீற? பொண்ணு பார்லர் போயிகீதாம். அது வர்றதுக்குள்ள வந்து குந்துடா."

பஸ்ஸில் வந்துகொண்டிருப்பதாகக் கூசாமல் புளுகிவிட்டு, ஆளுக்கொரு கன்ட்ரோலரை மாட்டினான். ரேஸ் ஆரம்பித்தது. திக்கல் திணறல் இல்லாமல் கார்கள் பறந்தன. கடைசி வளைவில் அவள் ஈவிரக்கமே இல்லாமல் அவன் காரை இடித்துத் தள்ளிவிட்டு முதலில் போய்ச் சேர்ந்தாள்.

"பொம்பளன்னு வுட்டுக் குடுத்தீங்களா?" என்று அவன் முகத்தையே பார்த்துக் கேட்டாள்.

"ஆட்டத்துல யாருக்கும் வுட்டுக் குடுக்கறதில்லீங்க. நெஜமாவே தோத்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதையே எடுத்துக்கொள்கிறேன், ராம் ரெண்டாகப் போட்டுவிடுங்கள் என்றாள். இவளைக் கட்டிக்கொள்ளப் போகிற மகராசன் யாரோ, கொடுத்து வைத்தவன் என்று நிலவனுக்குப் பொறாமையாகவே இருந்தது. முகம் தெரியாத காத்திவாக்கத்துப் பெண் எப்படிப்பட்டவளோ. கேம் என்றதுமே அவளும் எழுந்து உள்ளே போய்விடுவாளோ என்னவோ.

மறுபடியும் போன் அடித்தது. அம்மா அழுகிற மாதிரி பேசினாள். பெண் வீட்டார் ஒரு மாதிரி பார்க்கிறார்கள், மாப்பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்டால் என்னத்தைச் சொல்வது என்றாள்.

நிலவனுக்கு இனிமேல் பொய் சொல்ல மனசு வரவில்லை. போவது போகட்டும் என்று நிமிர்ந்து நின்றான்.

"கேம் ஆடிகினு இருந்தேன்னே சொல்லும்மா. இப்பவும் ஆடுவேன், கண்ணாலத்துக்கு அப்பறமும் ஆடுவேன். புடிச்சா குடுக்கட்டும், இல்லாங்காட்டி காபியக் குடிச்சிட்டு எழுந்து வந்துரு."

அந்தப் பக்கம் அம்மா கத்துகிற கத்தல் கடை முழுக்கக் கேட்டது. இந்தப் பக்கம் அவள் பென் டிரைவைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்:

"அத்தை கைல சொல்லுங்க, பொண்ணுக்கு மாப்ளய புடிச்சிகீதாம்."